மூன்று மணி நேரத் தொலைவு

சிதம்பரம்
16 ஜனவரி 2025

அன்பு மகள் கனிமொழிக்கு,

நான் நலம். தரிசனக் கூட்டம் போய்த் தெரு இப்போதுதான் மூச்சுவிடுகிறது. காதுக்கு மெஷின் வைத்தும் போனில் உன் குரல் இரைச்சலாகத்தான் விழுகிறது. அதனால் கடிதமே எழுது.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. தம்பி செம்பியனைப் போய்ப் பார்த்துவிட்டு வாயேன். பக்கத்து வீட்டு பாலகுமாரைக் கம்ப்யூட்டரில் பார்க்கச் சொன்னேன். நீ இருக்கும் யெல்லோநைஃபிலிருந்து அவன் டாக்சி ஓட்டும் இனுவிக்குக்கு ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டராம். வழியில் ஓர் ஊரில் நின்று போனாலும் விமானத்தில் மூன்று மணி நேரம்தானாம். "இங்கேருந்து மெட்ராஸுக்கு பஸ்ல போற நேரங்கூட ஆவாது பெரிம்மா" என்றான். ஒரே கனடாவில், ஒரே பனியில் இருந்துகொண்டு முகம் பார்க்காமல் இருக்கிறீர்களே.

அன்புடன்,
அம்மா ரத்தினம்மாள்

---

யெல்லோநைஃப்
10 பிப்ரவரி 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

பிரஷர் மாத்திரையை விடாமல் சாப்பிடு. ஆஸ்பத்திரியில் எனக்கு இந்த மாதம் முழுக்க ஓய்வில்லை.

தம்பியைப் பற்றி எழுதாதே. அந்த மூன்று மணி நேரம் அவனுக்கும் மூன்று மணி நேரம்தானே? அப்பா கடலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் விமானம் மாறி மாறி ஓடி வந்தேன். அவன் வரவில்லை. பெற்ற மகன் இருக்க, சித்தப்பா மகன் அருள்முருகன் கொள்ளி வைத்தான். காரியம் முடியும்வரை தம்பி போன் செய்துகொண்டே இருந்தான். நான் எடுக்கவில்லை. இனியும் எடுக்கமாட்டேன்.

உன் கனி

---

சிதம்பரம்
12 மார்ச் 2025

கனி,

உன்னிடம் சொல்லக் கூடாதென்று அவன் சத்தியம் வாங்கியிருந்தான். மீறுகிறேன். அப்பாவுக்கு மோசம் என்று தெரிந்த அன்றே அவன் பெட்டியோடு இனுவிக் விமான நிலையத்துக்குப் போய்விட்டான். பனிப்புயலில் விமானம் வந்து இறங்கவே முடியவில்லை. வீட்டுக்கும் திரும்பாமல் அங்கேயே கிடந்திருக்கிறான். எல்லாம் முடிந்துவிட்டதென்று நான் போனில் சொன்னபோதும் அங்கேதான் இருந்தான்.

பிறகு என்னிடம், "போனையே எடுக்காதவங்ககிட்ட நானா போயி சொல்லமாட்டேம்மா. ஏண்டா வரலைன்னு அது ஒரு வார்த்தை கேக்கட்டும்" என்றான்.

நீ கேட்கவே இல்லை.

அம்மா

---

யெல்லோநைஃப்
27 ஏப்ரல் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

இனுவிக் போய்விட்டு நேற்றுத்தான் திரும்பினேன். விமான நிலையத்துக்குத் தம்பியே வந்திருந்தான். இளைத்துவிட்டான். மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை, கவலைப்படாதே.

என்னைப் பார்த்ததும், "வாங்க. பிரயாணம் சவுரியமா இருந்துச்சா?" என்றான். யாரையோ சொல்கிறான் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். பேச்சு வந்த நாளிலிருந்து என்னை வா, போ என்றவன் அவன், அம்மா.

ஒரு குறையும் வைக்கவில்லை. கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தான். மீன் குழம்பு வைத்தான், நீ வைப்பது போலவே புளி தூக்கலாக. சாப்பிடும்போது கேட்டேன்: "அன்னிக்கு என்னடா ஆச்சு? இப்பவாவது எங்கிட்ட சொல்லேன்."

தட்டிலிருந்து நிமிரவில்லை. "அப்ப சொல்லணும்போல இருந்துச்சு. இப்ப ஒன்னுமில்லைங்க" என்றான். நான் அழுதேன். தண்ணீர் ஊற்றி வைத்தான். "ஆறிப்போவுது, சாப்புடுங்க."

கிளம்பும் அன்று வானம் தெளிவாக இருந்தது. விமானம் நேரத்துக்கு வந்துவிட்டது. "போயிட்டு வரேண்டா" என்றேன்.

"பாத்துப் போங்க" என்றான்.

போய்ட்டு வா என்று சொல்வானென்று பெட்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அதற்குள் விமானத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உன் கனி