இரண்டு தாளும் எனக்கு ஒன்றுதான்

2 ஜூன் 1997, திங்கள்

கடைக் கம்ப்யூட்டருக்கு இன்று புது விண்டோஸ் போட்டார்கள். மதுரையிலிருந்து வந்த தம்பி காலையில் உட்கார்ந்தவன், சாயங்காலம் அஸர் பாங்கு சொன்ன பிறகுதான் எழுந்தான். திரை பாசி நிறத்தில் பளிச்சென்று இருக்கிறது.

நான் சொல்கிறேன், மகள் சௌதா எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும். கேட்டது மறக்காது. இதை வைத்தே எழுபது வயது வரை ஓட்டிவிட்டேன். தினமும் ரெண்டு வரியாவது சொல்லுங்க அத்தா, உங்க தலைக்குள்ளேயே எல்லாத்தையும் வச்சிருந்தா எப்படி என்று அவள்தான் இந்தச் சின்ன நோட்டை வாங்கினாள்.

மாப்பிள்ளை மவுத்தான பிறகு, அவள் உட்கார ஒரு இடம் வேண்டும் என்று மடவார் வளாகத்தில் இந்த டைப் கடையைப் போட்டோம். போட்டுக் கொடுத்தவன் மகன் சேக் முகைதீன். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் மேனேஜர். சௌதா டைப் அடிப்பாள். ஜெராக்ஸ் மெஷின் என் பொறுப்பு. தாளைக் கவிழ்த்து வைத்துப் பச்சைப் பொத்தானை அமுக்க எழுத்து எதற்கு?

3 ஜூன்

தமிழ் வரவில்லை.

5 ஜூன்

இன்றும் வரவில்லை. இதுவரை அடித்துச் சேர்த்து வைத்த கல்யாணப் பத்திரிகை, கேள்வித்தாள், மனு எல்லாம் பழைய தமிழ் சாஃப்ட்வேரில் இருக்கிறது. புது விண்டோஸ் அதை உள்ளே விடவில்லை. வேறு வழியாகத் திறந்தால், எழுத்தெல்லாம் எறும்பு மிதிபட்ட மாதிரி வருகிறதாம். எண்கள் மட்டும் பிழைத்துக்கொண்டன. தேதி இருக்கிறது, மணி இருக்கிறது, மனிதர் பெயர் ஒன்றுகூட இல்லை.

நானும் எட்டிப் பார்த்தேன். நல்லாத்தானே இருக்கு என்றேன். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மதுரைத் தம்பிக்குப் போன் போட்டாள். பழசை மறந்துருங்கக்கா, புதுத் தமிழ் வாங்கிப் போடுங்க என்றானாம். அதில் எழுத்துகள் வேறு வேறு கட்டையில் இருக்கின்றன. இவள் டைப் இன்ஸ்டிட்யூட்டில் கட்டையைப் பார்க்காமல் அடிக்கப் படித்தவள். தலையை மறக்கச் சொல்லலாம். விரலை எப்படி மறக்கச் சொல்வது?

7 ஜூன், சனி

சேக் முகைதீன் வந்தான். செத்த நேரம் திரையைப் பார்த்தான். இந்த மாதம் முடிய இப்படியே கிடந்தால் புது சாஃப்ட்வேர் தெரிந்த ஆளை உட்கார வைக்கிறேன், நீ வீட்டில் இரு என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டில் இருப்பது என்றால் என்னவென்று புருஷன் மவுத்துக்குப் பிறகு அவள் வெளியே வராமல் இத்தா இருந்த நாலு மாதம் பத்து நாளும் பார்த்தவன் நான். சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். (இதை எழுத மாட்டேன் என்றாள். எழுது என்றேன்.)

9 ஜூன்

மம்சாபுரம் வெள்ளத்தாய் தன் பேரனுக்கு இருபத்திரண்டாம் தேதி காதுகுத்து வைத்திருக்கிறாள். பத்திரிகையைப் போன மாதமே சௌதா அடித்து வைத்துவிட்டாள். நேரம் மட்டும் மாறியது. இன்று மதியம் லுஹர் தொழுகைக்குச் சௌதா வீட்டுக்குப் போன சமயம் வெள்ளத்தாய் வந்தாள். மேசையில் ஒரு தாள் கிடந்தது. பார்த்தேன். 22, 6, 97, காலை 9. எல்லாம் சரி. மஞ்சள் தாளில் ஒரு கட்டு ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன்.

"அச்சு முத்து முத்தா விழுந்திருக்கு பாய்," என்றாள். பொறவு, "தாய்மாமன் பேரு மேலதான இருக்கு?" என்று கேட்டாள். அவளுக்கும் எழுத்து தெரியாது. போன மாதம் சௌதா வாசித்துக் காட்டியபோது தாய்மாமன் பெயர்தான் முதலில் வந்தது, எனக்கு மறக்கவில்லை. மேல் வரியில் விரலை வைத்து, "இந்தா இருக்கு சீனிச்சாமி," என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

சௌதா வந்து மேசையைத் தேடினாள். அது புது விண்டோஸில் நேரத்தை மாற்றிச் சோதித்துப் பார்த்த தாளாம், எண்ணைத் தவிர எல்லாம் எறும்பு மிதிபட்ட எழுத்தாம்.

வெளியே ஓடிப் பார்த்தாள். பஸ் போய்விட்டது.

11 ஜூன்

நடந்துவிட்டது. வெள்ளத்தாய் நேற்று வெற்றிலைத் தாம்பாளத்தோடு முதல் பத்திரிகையைக் கொண்டுபோய்ச் சீனிச்சாமி கையில் கொடுத்திருக்கிறாள். அவர் மருமகளின் அண்ணன், போலீஸ்காரர். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் பெயர் எங்கே என்று கேட்டிருக்கிறார். இவள் நான் காட்டிய இடத்தில் அப்படியே விரலை வைத்து இந்தா இருக்குல்ல என்றிருக்கிறாள். சொந்தக்காரர்கள் முன்னால் கேலி செய்ததாக அவர் எடுத்துக்கொண்டார். தாம்பாளம் திரும்பி வந்துவிட்டது. மாமன் மடி இல்லாமல் பிள்ளைக்கு எப்படிக் காது குத்துவது?

வெள்ளத்தாய் கடை வாசலில் நின்று சத்தம் போட்டாள். எங்களை இல்லை, தன் விரலைத்தான் திட்டினாள். அதைக் கேட்கத்தான் என்னால் முடியவில்லை.

12 ஜூன்

எப்படியோ மகன் காதுக்குப் போய்விட்டது. கையில் ஒரு மஞ்சள் தாளோடு வந்தான், கடையைப் பூட்டினான், சாவியைச் சட்டைப் பையில் போட்டான். நான்தான் போட்டுக் கொடுத்தேன், அவள் கடையிலேயே இல்லை என்றேன்.

"அத்தா, அவளுக்காக நீங்க பொய் சொல்லாதீக. இம்புட்டுக் கோளாறாக் கெடக்குற தாளப் பாத்தா யாருக்குத்தான் தெரியாது?"

பொய்யா? நான் எதற்குப் பொய் சொல்கிறேன்?

13 ஜூன், வெள்ளி

ஜும்ஆ முடிந்து வரும்போது கடையைப் பார்த்தேன். பூட்டுத்தான் தொங்குகிறது.

15 ஜூன்

புது விண்டோஸோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைச் சௌதா மூன்று நாளாக அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படிக்கிறாள். இன்று அடுப்பில் சோறு கொதிக்கக் கொதிக்க விட்டுவிட்டு வந்தாள்.

"அத்தா, அந்த மதுரைத் தம்பி பழச அழிக்கல. அதை அப்படியே கெடப்புல போட்டுட்டுத்தான் புதுச உக்கார வச்சிருக்கான்."

மெஷின் விழிக்கும்போது முதலில் ஒரு வரி வருமாம். அது மறைவதற்குள் மேல் வரிசையில் எஃப் எட்டு என்று போட்ட கட்டையை அமுக்கினால், எந்த வழியாகப் போகட்டும் என்று கேட்குமாம். பழைய வழி என்றால் பழைய வழி. சரியாக வருமா என்றேன். அமுக்கிப் பார்த்தால்தானே தெரியும் என்றாள். சாவி இல்லை.

16 ஜூன், திங்கள்

ராஜபாளையம் போனேன். கம்பெனியில் கட்டுத் துணி வாசனை ஆளை அடிக்கிறது. மகன் எனக்கு டீ சொன்னான். சாவியைக் கேட்டேன். பேச்சை மாற்றினான். நான் எழுந்திருக்கவில்லை.

மேசை டிராயரிலிருந்து அந்த மஞ்சள் தாளை எடுத்தான். அவன் கம்பெனிக்கு வந்த ஒரு தமிழ்க் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். இதில் எது கோளாறு என்று சொல்லுங்கள் என்றான். சோதிக்கிறான் என்று தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ரெண்டிலும் கொக்கி இருந்தது, வளைவு இருந்தது, புள்ளி இருந்தது. மஞ்சள் தாள்தான் என்று எனக்கு நினைவிருக்கிறது. நினைவை வைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் கேட்டது கண்ணை.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா."

ரெண்டு தாளையும் எடுத்து டிராயருக்குள் வைத்தான். சின்ன வயதில் இவனுடைய பாடத்தையெல்லாம் நான்தான் ஒப்பிக்க வைப்பேன். அவன் ஒருமுறை வாசித்தால் போதும், எனக்கு மனப்பாடமாகிவிடும். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, விட்ட இடத்தில் எடுத்துக் கொடுப்பேன். அதையெல்லாம் நினைத்தானோ என்னவோ.

"ஒங்களுக்கு எழுத்து தெரியாதுன்னு தெரியும் அத்தா. ஒங்க கண்ணுக்கு அது இப்படித்தான் இருக்கும்னு எனக்குத் தெரியாது," என்றான். குரல் இறங்கிவிட்டது.

சாவியை என் கையில் வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விட்டான்.

17 ஜூன்

முதல் தடவை அமுக்குவதற்குள் வரி மறைந்துவிட்டது. ரெண்டாவது தடவையும் போச்சு. மூன்றாவது தடவை திரை கறுத்து, வெள்ளை எழுத்தில் என்னவோ கேட்டது. சௌதா ஒரு எண்ணைத் தட்டினாள். பழைய நீலத் திரை வந்தது. எனக்குத் தெரிந்த முகம் அது ஒன்றுதான். அவள் விரல்கள் ஓட ஆரம்பித்த சத்தத்தை வைத்தே சரியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

18 ஜூன்

வெள்ளத்தாய் சீனிச்சாமியைக் கையோடு கூட்டி வந்தாள். எப்படிச் சம்மதிக்க வைத்தாளோ. அவர் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். ஜெராக்ஸ் போட்டது நான்தான், எனக்கு எழுத்து தெரியாது என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். புதுப் பத்திரிகையைச் சௌதா கொடுத்தாள். தன் பெயரைச் சத்தமாக வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார்.

"ஏன் பாய், ஒங்களுக்கும் தெரியாது, இந்தக் கெழவிக்கும் தெரியாது. ரெண்டு பேருமாச் சேந்து எனக்குப் பேரு வச்சிருக்கீக," என்றார். வெள்ளத்தாய்தான் முதலில் சிரித்தாள்.

22 ஜூன், ஞாயிறு

மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள். பிள்ளை போட்ட அழுகையில் மேளக்காரர்களே நிறுத்திவிட்டார்கள்.

1 ஜூலை, செவ்வாய்

மாதம் முடிந்துவிட்டது. சேக் முகைதீன் யாரையும் அனுப்பவில்லை. அதைப் பற்றிப் பேசவும் இல்லை. கம்பெனி லேபிள் அடிக்க வேண்டும் என்று ஆள் மூலம் சீட்டுக் கொடுத்துவிட்டிருக்கிறான்.

கடையில் ஒரு புது வழக்கம். சௌதா வாசித்துப் பார்த்த தாளின் பின்பக்கம் சிவப்பு மையில் ஒரு வட்டம் போடுவாள். வட்டம் இல்லாத தாளை நான் தொட மாட்டேன். யார் வந்து அவசரம் என்றாலும் சரி, உட்காருங்க, பிள்ளை வந்துரும் என்று ஸ்டூலை இழுத்துப் போடுவேன்.

நோட்டு தீர்ந்துவிட்டதால் இன்றைக்கு நான் சொல்லச் சொல்ல இங்கேயே டைப் அடிக்கிறாள். பழைய வழியில்தான். அச்செடுத்து, அவள் வாசித்து, வட்டம் போட்டுத் தந்தால் ஒரு ஜெராக்ஸ் எடுத்து ராஜபாளையத்துக்கு அனுப்பலாம் என்று இருக்கிறேன்.