மனிதக் குரல் வரும் ஒரே எண்

ஜான்ஸ்டவுன், பென்சில்வேனியா
திங்கட்கிழமை சாயங்காலம்

என் அன்பு மகன் கோல்பிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன், கை அந்த வார்த்தையை எழுத மறுக்கிறது, அதனால் நீ சுகமா, அந்த டகோட்டா குளிரில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீ அனுப்பிய பெட்டி வந்து நாளாகிவிட்டது, பதில் போடத் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. உன் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, அனுப்பிய செய்தியை நீ பார்த்ததாகவும் தெரியவில்லை. கடிதம் என்றால் கையில் கொடுத்துவிடுவார்கள், அம்மா கையெழுத்தைப் பார்த்துவிட்டுப் பிரிக்காமல் இருக்க உனக்கு மனசு வராது என்றுதான் நீ தங்கியிருக்கும் தொழிலாளர் கேம்ப் விலாசத்துக்கு விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். டெல்லாவுக்கு நீ அனுப்பிய ஊதா ஜாக்கெட் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது, கழற்ற மாட்டேன் என்கிறாள், எங்க அண்ணன் எண்ணெய்க் கிணத்துல வேலை பாக்கறான், பூமிக்கே ஊசி போடறான் என்று வகுப்பில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். அப்பாவுக்கு நீ அனுப்பிய கறுப்பு டீ-ஷர்ட்டை, அதுதான் இன்சூரன்ஸ் கம்பெனித் தலைவரைச் சுட்டானே அந்த முகமூடிக்காரன் படம் போட்டது, அப்பா ஒரு நாள் ஃபேக்டரிக்குப் போட்டுக்கொண்டு போனார், ஆளாளுக்கு முதுகில் தட்டினார்களாம். இப்போது அது கார் துடைக்கிற துணிகளோடு கிடக்கிறது. ஏன் என்று தெரியவேண்டுமானால் கடைசி வரை படி, பாதியில் மடித்து வைத்துவிடாதே கண்ணா.

டெல்லாவைப் பற்றி உன்னிடம் போனில் பாதிதான் சொல்லியிருக்கிறேன். இரண்டு வருஷம் அந்தப் பழைய மருந்தில் ஒரு வலிப்பு கூட வராமல் ஓடி ஆடிக்கொண்டிருந்தவள்தான். ஜனவரியில் அப்பாவின் ஃபேக்டரியில் இன்சூரன்ஸ் கம்பெனியை மாற்றினார்கள், புதுக் கம்பெனிக்காரர்கள் அந்த மருந்து தர முடியாது, முதலில் எங்கள் பட்டியலில் இருக்கிற மலிவான மருந்துகளைக் கொடுத்துப் பாருங்கள், அவை பலிக்கவில்லை என்று தெரிந்தால் அப்புறம் யோசிக்கிறோம் என்று எழுதிவிட்டார்கள். நாமே காசு கொடுத்து வாங்கலாம் என்றால் ஒரு மாத மருந்துக்கு அப்பாவின் ஒரு மாதச் சம்பளம் போதாது. பலிக்கவில்லை என்று எப்படித் தெரியும், பிள்ளை விழுந்துதான் தெரியவேண்டும். முதல் மருந்தில் பள்ளிக்கூடப் படியில் விழுந்தாள், முன்பல் பாதி உடைந்தது, அளவைக் கூட்டிப் பாருங்கள் என்றார்கள். இரண்டாவது மருந்தில் நாள் முழுக்கத் தூங்கி வழிந்தாள், தன் பெயரை எழுதவே நேரம் எடுத்தாள், ஆனால் வலிப்பு மட்டும் ஒரு வாரம் வரவில்லை. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நான் கோவிலில் மண்டியிட்டு, இன்னொன்று வந்துவிடட்டும் ஆண்டவரே, சீக்கிரம் வந்து இந்த மருந்தும் தோற்றுப் போகட்டும் என்று வேண்டினேன். பெற்ற பிள்ளைக்கு வலிப்பு வரவேண்டும் என்று வேண்டினேன் கோல்பி. ஒரு தாயை அப்படி வேண்ட வைத்தவர்கள் மேல் கோபப்படாதே என்று நான் உனக்கு எழுத வரவில்லை, அந்த வாய் எனக்கு இல்லை.

இப்போது இதை எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் தெரியுமா, குளியலறை வாசலில், தரையில். தொட்டியில் தண்ணீர் நிரப்பக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், நின்றுதான் குளிக்கவேண்டும், கதவைத் தாழ்ப்பாள் போடக்கூடாது, உள்ளே அவள் பாடிக்கொண்டே இருக்கவேண்டும். பாட்டு நின்றால் நான் ஓடவேண்டும். அவளே கட்டிய பாட்டுதான், பக்கத்து வீட்டு நாய் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறதாம், நீ அதில் டிக்கெட் வாங்காமல் ஏறிவிட்டாயாம், ஒவ்வொரு நாளும் ஒரு அடி சேர்க்கிறாள். சற்றுமுன் நின்றுவிட்டது, பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன், வாயில் சோப்பு நுரை போயிடுச்சும்மா, மனுஷி துப்பக் கூடாதா என்கிறாள்.

அந்த ஆள் சுடப்பட்ட செய்தி வந்தபோது நான் மருந்துக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் அப்போதுதான் அனுமதி வரலைங்க, இன்னிக்கும் வரலை என்று என்னிடம் சொல்லி முடித்திருந்தாள். சுவரில் இருந்த டிவியில் நம் புது இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயரும் அவர் படமும் வந்தது, கார் நிறுத்துமிடத்தில் வைத்துச் சுட்டுவிட்டான் என்று ஓடியது. வரிசையில் ஒருவரும் ஐயோ என்று சொல்லவில்லை. பின்னால் நின்ற வின்ஸ் மாமா, அதான் நம்ம தெருத் தீயணைப்புப் படைத் தலைவர், முதல்ல ரெண்டு சின்னக் குண்டால சுட்டுப் பாத்திருக்கணும், அதுல ஆள் சாகலைன்னாத்தான பெரிய குண்டுக்கு அனுமதி என்றார். கடையே சிரித்தது, மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்திருந்த கிழவர் இருமி இருமிச் சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தேன். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் அந்தக் கண்ணீர் நிற்கவில்லை. அது அவருக்காக இல்லை, அதை உனக்கு மறைக்காமல் சொல்கிறேன்.

அதற்கப்புறம் என்ன மாறியது என்று நினைக்கிறாய். அவர் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார், இரண்டாவது மருந்தும் ஒத்துவரவில்லை என்று எழுதியதற்கு எங்களுக்கு அடுத்த மறுப்பு வந்தது, அதே வாசகம், அதே வருந்துகிறோம், கீழே கையெழுத்து மட்டும் வேறு. அந்தக் கம்பெனிக்குப் போன் செய்தால் ஒன்றை அமுக்கு, நான்கை அமுக்கு என்று இயந்திரம்தான் பேசும், ஒரு மணி நேரம் காத்திருந்தால் தானாகத் துண்டித்துவிடும், இது உனக்கே தெரியும். அப்படி இருக்கும்போது ஒரு நாள் தவறிப்போய் ஒரு மனுஷி எடுத்தாள், யோலாண்டா என்று பேர். நான் அழுதேன், அவள் கேட்டாள். மதியம் சாப்பாட்டு வேளையில் தன் சொந்தப் போனில் இருந்து என்னைக் கூப்பிட்டு, மேடம், இதை நான் சொன்னதா யார்கிட்டயும் சொல்லாதீங்க, உங்க டாக்டர் எங்க டாக்டர்கிட்ட நேரா பேசறதுக்கு ஒரு வழி இருக்கு, ஆனா மத்த நாள்ல உக்காந்திருக்கறவர் எலும்பு டாக்டர், அவருக்கு வலிப்பைப் பத்தி என்ன தெரியும், வியாழக்கிழமை மட்டும் பிள்ளைங்க நரம்பு டாக்டரம்மா ஒருத்தங்க வராங்க, அவங்க கேட்டா புரிஞ்சுப்பாங்க, நான் உங்களுக்கு வியாழக்கிழமையே போட்டுத் தரேன் என்றாள். ஏதாவது மாறினால் கூப்பிட என்று தன் மேசை எண்ணையும் கொடுத்தாள். அன்று சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை, உன்னிடம் சொன்னேன், நீ அந்த எண்ணைக் கேட்டாய், நீயும் ஒரு நன்றி சொல்லப்போகிறாய் என்று நினைத்துக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை நீ யாரிடமோ போன் இரவல் வாங்கி அந்த எண்ணைக் கூப்பிட்டு மிரட்டியிருக்கிறாய். ஏன் அந்த எண்ணை என்று நான் யோசித்துப் பார்த்தேன். அந்தக் கம்பெனி முழுக்க மனிதக் குரல் வரும் எண் உன் கையில் அது ஒன்றுதான் இருந்தது. திட்டவேண்டியவர்கள் யாரும் போன் எடுக்கமாட்டார்கள் கோல்பி, அவர்கள் வாசலில் இப்போது இரண்டு மடங்கு காவல் போட்டிருக்கிறார்கள், எடுப்பவள் யோலாண்டாதான். உன் கோபம் எத்தனை நியாயமாக இருந்தாலும் கை எட்டியது அவள் கழுத்து வரைக்கும்தான்.

மறுநாளே டெல்லாவின் கணக்கைப் பூட்டிவிட்டார்கள். இனி எல்லாம் எங்கள் வக்கீல்கள் மூலம் எழுத்தில்தான், போனில் யாரும் பேசமாட்டார்கள் என்று நம் டாக்டருக்குச் சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார், யாரும் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை மாவட்டப் போலீசில் இருந்து ஹோலப் என்று ஒரு பெண் அதிகாரி வந்தாள். நான் காபி கொடுத்தேன், குடித்தாள். கோபத்தைப் பிடிக்க நான் வரலைங்க, அது எனக்கும் இருக்கு, எங்க அம்மாவுக்கு இதே ஆளுங்கதான் ரெண்டு தடவை இல்லைன்னாங்க, நான் அந்தப் போன்ல பேசினவனைப் பிடிக்கத்தான் வந்தேன் என்றாள். மேசைமேல் ஒரு சின்னக் கருவியை வைத்துப் பதிவைப் போட்டுக் காட்டினாள். பேசுகிறதெல்லாம் பதிவாகும் என்று ஒவ்வொரு தடவையும் அந்த இயந்திரம் சொல்லும், நாம் யாரும் அதைக் கேட்பதே இல்லை.

நீ பேசினது உனக்கு ஞாபகம் இருக்கும், உங்க தலைவருக்கு நடந்ததைப் பாத்தீல்ல, உன் ஆபீஸ் வாசல் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், என் தங்கச்சிக்கு ஏதாவது ஆச்சு அடுத்தது நீதாண்டி என்று. அது எனக்கு அதிர்ச்சி இல்லை, அதில் பாதியை நானே பாத்திரம் கழுவும்போது முணுமுணுத்திருக்கிறேன். நீ கேட்காத ஒன்று அதில் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நீ கத்தும்போது அடியில் அவள் குரல் கேட்கிறது. சார், ஒரு நிமிஷம், உங்க தங்கச்சி டெல்லாதானே, சார், வியாழக்கிழமை வரைக்கும் பொறுங்க, நான் போட்டு வச்சிருக்கேன், வியாழக்கிழமை சார் என்கிறாள். அவள் குரல் நடுங்குகிறது, ஆனாலும் மறுபடி மறுபடி அதையேதான் சொல்கிறாள். நீ கத்தி முடித்துவிட்டு வைத்துவிட்டாய். அன்றைக்கே அவள் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாளாம், வேலையில் இருக்கிறாளா என்றுகூட யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள். நேற்று முன்தினம் அந்த எண்ணைக் கூப்பிட்டேன், ஒன்றை அமுக்கு என்று இயந்திரம் பேசியது.

இது யார் குரல் என்று ஹோலப் கேட்டாள். தெரியாது, சரியாகக் கேட்கவில்லை என்றேன். மகன் எங்கே என்றாள், வேலை தேடிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறான், விலாசம் இல்லை என்றேன். அவள் என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், சுவரில் இருக்கும் உன் படத்தையும் பார்த்தாள். பேசினவன் யாருன்னு தெரிஞ்சு இது முடியற வரைக்கும் அவங்க பூட்டைத் திறக்கமாட்டாங்கம்மா, நான் உங்களை மிரட்டலை, நடக்கறதைச் சொல்றேன், வர்ற திங்கள் இல்லை, அதுக்கு அடுத்த திங்கட்கிழமை வரேன் என்று சொல்லிவிட்டுக் கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

ஊரில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, எப்படித்தான் தெரிகிறதோ. சனிக்கிழமை டெல்லாவின் மருந்துச் செலவுக்குப் பணம் திரட்டத் தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஸ்பகெட்டி விருந்து வைத்தார்கள், நான் உள்ளே நுழைந்ததும் கை தட்டினார்கள். வின்ஸ் மாமா என்னைக் கட்டிப் பிடித்து, புள்ளைன்னா இப்படி இருக்கணும், அவனுங்க தூக்கத்தைக் கெடுத்துட்டான் பாரு, உனக்கு ஒரு சிலையே வைக்கலாம் டானா என்றார். மாமா, அவன் யார் தூக்கத்தைக் கெடுத்தான்னு உங்களுக்குத் தெரியுமா, ரெண்டு பிள்ளையை வச்சிக்கிட்டு மணிக்கணக்குச் சம்பளத்துக்கு வேலை பாக்கற ஒருத்தியோட தூக்கத்தை என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது, அப்ப எங்களை என்னதான் செய்யச் சொல்ற, கெஞ்சினா கேக்கறானுங்களா என்றார். கெஞ்சினால் அவர்கள் கேட்கவில்லை என்பது நிஜம், மனு போட்டோம், எழுதினோம், அழுதோம். காகிதத்தாலும் ஆளைக் கொல்லலாம் என்று என் வீட்டிலேயே பார்க்கிறேன். ஆனால் துப்பாக்கியைத் தூக்கியவனுக்கு மாலை போடும் ஊர் அடுத்த நாள் யாரைச் சுடுவது என்று யாரைக் கேட்கும், உன்னைப் போல ஒரு பிள்ளையைத்தான் கேட்கும், அவன் கைக்கு எட்டுவது யாராக இருந்தாலும் சரி என்பான். அன்று கை தட்டியவர்கள் ஸ்பகெட்டி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இந்தத் தரையில் உட்கார்ந்து பாட்டு நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பவள் நான்தான்.

அதனால் கேள் கண்ணா. அடுத்த திங்கட்கிழமை ஹோலப் வரும்போது நான் மறுபடி பொய் சொல்லமாட்டேன். எப்படிச் சொல்லப்போகிறேன் என்று தெரியவில்லை, என் வாயால் உன் பேரை எப்படி எடுப்பேன். அப்பா நான்கு நாளாக என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, எந்தப் பிள்ளைய வித்து எந்தப் பிள்ளைய வாங்கப் போற என்று ஒரே ஒரு தடவை கேட்டார், அதற்கப்புறம் கொட்டகைக்குப் போய்விட்டார். நான் விற்கவில்லை. என்னால் ஒரு பிள்ளையின் வாசலில்தான் உட்கார முடிகிறது, நீ உன் காலில் நிற்கிறவன். நான் சொல்வதற்கு முன் நீயே போய்ச் சொல்லிவிடு. உன் கேம்ப் ஊரில் ஷெரீப் ஆபீஸ், அதான் அந்த ஊர்ப் போலீஸ், இருக்கும், இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டே போ, இதில் நான் சொன்ன பொய்யும் இருக்கிறது, அவர்கள் படிக்கட்டும், எனக்கு வருவது எனக்கு வரட்டும். தானாக வந்தவன் என்றால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு என்று ஹோலப் சொன்னாள், விட்டுவிடுவார்கள் என்று அவள் சொல்லவில்லை, நானும் உனக்கு அப்படி வாக்குக் கொடுக்கமாட்டேன். அப்பாவின் ஃபேக்டரி நண்பர் ஒருவரின் மகள் வக்கீல், அவள் எண்ணைத் தனித் தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன், முதலில் அவளைக் கூப்பிடு, அப்புறம் போ. உன்னை நான் பெற்றபோது எனக்குப் பதினெட்டு வயசு, எல்லாரும் இவ வாழ்க்கை போச்சு என்றார்கள், உன்னை மடியில் வைத்துக்கொண்டே கல்லூரி முடித்தேன், போகவில்லை. உனக்கும் போகாது.

டெல்லா குளித்துவிட்டு வந்துவிட்டாள், தலை துவட்டாமல் என் தோள்மேல் சொட்டச் சொட்ட நின்று, அண்ணனுக்கு என்ன எழுதற என்கிறாள். வீட்டுக்கு வரச் சொல்லி எழுதுகிறேன் என்றேன். வந்தா இனிமே கதவுகிட்ட அவனே உக்காரட்டும், நீ கூடவே பாடறேன்னு ராகத்தைக் கெடுக்கற என்கிறாள். அவர்கள் பட்டியலில் இருக்கிற மூன்றாவது மருந்தை நாளைக் காலையில் ஆரம்பிக்கவேண்டும். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஆண்டவர் உன்னைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும், எந்த அறையில் உன்னை உட்கார வைத்தாலும் அங்கே உனக்கு முன்னால் அவர் போய் இருக்கட்டும். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன், போட்டுக்கொள். ஒன்றை மட்டும் மறக்காதே, அங்கே போய்ப் பேசும்போது சத்தம் போடாமல் பேசு, எதிரில் இருப்பவர் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், அவர் சொல்லி முடிக்கும் வரை பொறு.

எந்நாளும் உன்னையே நினைத்திருக்கும்
உன் அம்மா,
டானா