பேஸ் கேட்காத நினைவுக் கூட்டம்

மச்சான்,

உன் நினைவுக் கூட்டத்தில் உன்னையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். அங்கே நான் வாங்க மறுத்த பொன்னாடையை இன்று காலை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பொலித்தீன் உறை பிரிக்காமல் மேசையில் கிடக்கிறது. பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வருகிறது.

நம் நால்வர் குழுவின் கசட்டை மண்டபத்தில் போடுவோம் என்றார்கள். சந்தோஷமாகத்தான் போனேன். பெட்டி ஸ்பீக்கர் மருதமுனையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதாம். தெருவில் அறிவித்தல் சொல்கிற குழாய் ஸ்பீக்கரைக் கட்டியிருந்தார்கள். அதில் கீச்சுச் சத்தம் வரும், உன் பேஸ் கிட்டாரின் தாழ்ந்த சத்தம் வராது. "இன்னொரு நாளைக்குப் போடுவம்" என்றேன். "சத்தம் வந்தாச் சரிதானே காக்கா" என்று அண்ணன் முறை சொல்லிச் சமாளித்தார் கூட்டத் தலைவர்.

என் சக்ஸபோன் மண்டபம் முழுக்கக் கத்தியது. பிறகு நாங்கள் மூவரும் ஓய்ந்து, நீ தனியாக வாசிக்கும் இடம் வந்தது. குழாயில் எலி சுரண்டுவது போல ஏதோ கேட்டது.

"கசட் சிக்கிட்டு மனே, நிப்பாட்டு!" என்று தலைவர் ஸ்பீக்கர்காரனைப் பார்த்துக் கத்தினார்.

"சிக்கல்லடா, அவன் வாசிக்கான்!" என்று நான் எழும்புவதற்குள் நிறுத்திவிட்டார்கள். கைதட்டலும் முடிந்தது. 'குழுவை நடத்தியவர்' என்று என்னைப் பொன்னாடை போர்த்த மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

நானா நடத்தினேன்? கொழும்பு ஹோட்டல் வாசிப்பை விட்டு நீ கல்முனைக்குத் திரும்பியபோது, சினிமாப் பாட்டைக் கேட்டுக் கேட்டு நானாக ஊதிப் பழகியவன் நான். மெட்டை முன்கூட்டி முடிவு செய்யாமல் வாசிக்கிற ஜாஸ் என்றாய். "அப்ப எதைப் புடிச்சிக்கு ஊதுற?" என்றேன். "என்னைப் புடி. ஆனா பின்னால வராத, பக்கத்தில வா." அது விளங்க எனக்கு ஒரு மாரிக்காலம் முழுக்கப் போனது.

மாலை ஊரடங்குக்குப் பயந்து தியேட்டரில் காலையிலேயே சனத்துக்கு முன்னால் வாசித்து அந்தக் கசட்டைப் பதிந்தோம். சற்று நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவன், "சுருதி சேத்து முடியல்லியா காக்கா? பாட்டத் தொடங்குங்க!" என்றான். நீ வாசிப்பை விடாமலே, "தொடங்கிட்டம் தம்பி, நீங்க வந்து சேருங்க" என்றாய். அந்தச் சிரிப்பும் கசட்டில் இருக்கிறது. அதன்பின் நான் மேலே மேலே போய் வழி தெரியாமல் நின்றதும் இருக்கிறது. நான் இறங்கி வரும்வரை நீ ஒரே சுரத்தில் காத்திருந்தாய். இப்போது வீட்டில் தனியாக ஊதும்போதும் அந்தச் சுரம் கீழே நிற்கிறது. அதை நம்பித்தான் மேலே போகிறேன்.

இனி நடக்கவேண்டியதைச் சொல்கிறேன். தலைவர் அதே மண்டபத்தில் அதே ஆட்களைத் திரும்பக் கூட்டவேண்டும். குழுவை நடத்தியவன் நீ என்று அவர் வாயாலேயே மைக்கில் சொல்லவேண்டும். ஸ்பீக்கர்காரன் பெட்டி ஸ்பீக்கர் கைக்கு வந்த பிறகே நாள் குறிக்கவேண்டும். கசட் தானாக ஓடி முடியும்வரை மெசினில் கை வைக்கக்கூடாது. பிரதி வேண்டாம், உன் மகள் தன்னிடமிருக்கும் மூலக் கசட்டையே கொண்டுவரவேண்டும். நீ தனியாக வாசிக்கும்போது, கம்பியின் கடைசி அதிர்வு அடங்கும்வரை, சபையில் எவரும் கைதட்டக்கூடாது.

அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் நான்.