பீரோவில் பூட்டிய போன்

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். உடம்பைப் பொறுத்தவரை நலம்தான். அத்தைக்கு இருமல் குறைந்துவிட்டது. பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது, பேசினால் பாதி காற்றுதான் வருகிறது. உங்கள் கப்பல் இப்போது எந்தத் தண்ணீரில் போகிறதோ, நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

என்ன திடீரென்று கடிதம் என்று நினைப்பீர்கள். என் போனுக்குப் போட்டால் அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று உங்கள் அண்ணன் போனுக்குத்தான் எப்போதும் போடுகிறீர்கள். அவர் அதை ஸ்பீக்கரில் போட்டுக் கூடத்து மேஜையில் வைத்துவிடுகிறார். வீடே சுற்றி உட்கார்ந்து கேட்கும்போது நான் என்ன பேச முடியும்? மெசேஜ் அனுப்பினால், சிக்னல் கிடைக்கும் நேரத்தில் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுப் போய்விடுவீர்கள். இதற்குக் கட்டைவிரல் போதாது. உங்கள் கம்பெனி அலுவலகத்தில் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் கையில் சேர்ப்பார்களாம். நன்றாக ஒட்டித்தான் கொடுக்கப் போகிறேன்.

பணம் போன கதையை அண்ணன் அவர் பாணியில் உங்களுக்குச் சொல்லிவிட்டார். என் பாணியில் யாரும் கேட்கவில்லை. கேளுங்கள்.

அத்தைக்கு இருமல் மருந்து வாங்கினேன். வேறெங்கும் இல்லை, நான் பில் போடும் மருந்துக்கடையிலேயே, என் மெஷினிலேயே. கார்டைச் செருகினேன், பணம் இல்லை என்று வந்தது. மறுபடி செருகினேன், அதேதான். ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் முகம் மாறாமல் "வேற கார்டு இருக்கா?" என்று கேட்டிருப்பேன்! அன்றைக்கு வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, முதலாளி குரலைத் தாழ்த்தி என்னிடம் அதையே கேட்டார்.

அந்தக் கணக்கில் என்ன இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாம் பார்த்து வைத்த மாடி வீட்டுக்கு முன்பணம். இரண்டு அறை, ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம், நமக்கென்று ஒரு வாசல் கதவு. நீங்கள் கடலில் வெந்து சேர்த்ததும், நான் நின்று நின்று சேர்த்ததும் அதில்தான் கிடந்தது.

கிளம்பும்போது உங்கள் பழைய போனை சிம்மோடு அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனீர்கள். வங்கி அனுப்பும் ஓடிபி அதில்தான் வரும். கார்டு என்னிடம், ஓடிபி அண்ணனிடம். "ரெண்டு கை சேர்ந்தாத்தான் பணம் வெளிய போகும், அதான் பத்திரம்" என்றீர்கள். அந்த இரண்டாவது கை யாரிடமிருந்து பணத்தைக் காப்பாற்றுவதற்கு என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும், கப்பல் ஏறுகிற மனுஷனோடு சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு பாப்பாவுக்கு ஒரு பென்சில் பெட்டியை இணையத்தில் வாங்குவதென்றாலும் நான் அண்ணன் முன்னால் போய் நிற்க வேண்டும். என்ன, எதற்கு, பக்கத்துக் கடையில் கிடைக்காதா என்று எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்ன பிறகு பீரோவைத் திறப்பார். போனை உயிர்ப்பித்து, எண்ணை ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லி, திரும்பவும் அணைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுத் தட்டிப் பார்த்துக்கொள்வார். அவரைக் குறை சொல்லவில்லை. தம்பி ஒப்படைத்த பொருளைக் கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அந்தப் போனைத் திறந்தால் செய்தி மேல் செய்தியாகக் கொட்டியது. முதலில் ஒரு டீக்காசு போயிருக்கிறது. கார்டு உயிரோடு இருக்கிறதா என்று அப்படித்தான் தொட்டுப் பார்ப்பார்களாம். ஏன் என்று கேட்க யாரும் இல்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் பெரிதாக எடுத்து, அப்புறம் வழித்துத் துடைத்துவிட்டார்கள். எல்லாம் வெளிநாட்டு இணையக் கடைகள். ஒன்றுக்குக்கூட ஓடிபி இல்லை. வெளிநாட்டுக் கடைகள் பலவும் அதைக் கேட்பதே கிடையாதாம், கார்டின் முன்பக்க எண்ணும் பின்பக்கத்து மூன்று எண்ணும் இருந்தால் போதுமாம். வங்கிக்குப் போய்க் கேட்டபோது அதிகாரி இதை ஏதோ மழை வரும் என்பதுபோலச் சொன்னார்.

அவர் இன்னொன்றும் சொன்னார். முதல் செய்தி வந்த அன்றைக்கே ஒரு போன் செய்து கார்டை நிறுத்தியிருந்தால் பெரும் பணம் போயே இருக்காதாம், போனதும் திரும்ப வந்திருக்குமாம். வங்கி கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நம் வீட்டில் அது கூப்பிட்டது அணைத்து வைத்த ஒரு போனை, பூட்டிய பீரோவுக்குள். வாசலில் என்னை நிறுத்திச் சோதனை போட்டுக்கொண்டிருந்தீர்கள், கொல்லைப்புறக் கதவு திறந்தே கிடந்திருக்கிறது.

இதை வீட்டில் சொன்னேன். யார் காதிலும் ஏறவில்லை. "கார்டு உன்கிட்ட, நம்பர் உனக்குத்தான் தெரியும், நாள் முழுக்க கார்டு தேய்க்கிற வேலை வேற" என்று உங்கள் அண்ணன் விரல் விட்டு எண்ணினார். "தனியாப் போகணும்னு துடிச்சியே, அதான் முன்னாடியே ஒதுக்கிட்டியா?" என்று அத்தை கேட்டார். மறுநாளிலிருந்து உங்கள் அண்ணி தன் கைப்பையைக் கூடத்தில் வைப்பதை நிறுத்திவிட்டாள்.

இதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. நீங்கள் போனில் வருவீர்கள், வந்ததும் எல்லோர் வாயும் அடைத்துவிடும் என்று காத்திருந்தேன். வந்தீர்கள். "நீதானே எடுத்தே? சொல்லிடு, நான் கோபப்பட மாட்டேன்" என்றீர்கள். ஸ்பீக்கரில். அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கோபப்பட மாட்டேன் என்றீர்களே, அதுதான் சுட்டது. திருடியவளை மன்னிக்கிற பெருந்தன்மை உங்களுக்கு உடனே வந்துவிட்டது. திருடியிருக்க மாட்டாள் என்று நினைக்கத்தான் வரவில்லை.

அதிகாரி சொன்ன சில விஷயங்களை எழுதிவிடுகிறேன். கரை கண்டால் உங்கள் கப்பல் கூட்டமே போனும் கையுமாக எதையாவது வாங்குகிறவர்கள், அவர்களுக்காவது உதவும். கார்டில் வெளிநாட்டுக் கடைகளுக்கான வசதியைத் தனியாக மூடி வைக்கலாம். வாங்கும்போது மட்டும் திறந்து, வாங்கியதும் மூட வேண்டும், தண்ணீர்க் குழாய் மாதிரி. சேமிப்பெல்லாம் கிடக்கும் கணக்கின் கார்டை அந்தக் கடைகளில் காட்டவே கூடாது. கொஞ்சம் பணம் மட்டும் போட்ட தனிக் கார்டு ஒன்று போதும். கடையின் பக்கத்தில் கார்டைச் சேமித்து வைக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வங்கியின் செய்தி, உடனே எடுத்துப் பார்க்கிற ஆளின் கையில் இருக்கும் போனுக்கு வர வேண்டும். அதனால் என் எண்ணையும் சேர்க்கச் சொன்னேன். கணக்கு உங்கள் பெயரில் இருப்பதால் உங்கள் கையெழுத்து வேண்டுமாம். படிவம் இதோடு இருக்கிறது, போட்டு அனுப்புங்கள்.

நீங்கள் வாங்கி அனுப்பிய ஷூவைத்தான் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிறேன். நாள் முழுக்க நிற்கிறாளே என்று உங்களுக்குத் தோன்றியதே, அதை நினைத்தால் இப்போதும் மனசு இளகுகிறது. "கடைக்காரன்கிட்ட பேசிப் பேசி பாதி விலைக்கு முடிச்சேன்" என்று அன்றைக்கு உங்களுக்கு எவ்வளவு பெருமை! கொஞ்சம் இறுக்கம். போடப் போடச் சரியாகிவிடும்.

நான் எடுக்கவில்லை. இதை ஒரு தடவைதான் எழுதுவேன்.

என்றும் உங்கள்,
அன்பு மனைவி


பாப்பாவின் அப்பாவுக்கு,

முதல் கடிதம் கிடைத்ததோ, இல்லை இரண்டும் சேர்ந்து கிடைக்குமோ தெரியவில்லை. படிவம் இன்னும் திரும்பி வரவில்லை.

நேற்று மதியம், கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில், வங்கியில் நான் கொடுத்துவிட்டு வந்த என் எண்ணுக்குக் கார்டு பிரிவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். சின்னப் பெண் குரல், ஆனால் பொறுமையானவள். புகாரை எழுதுவதற்காகப் பழைய செலவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, இது உங்களுடையதா, இது உங்களுடையதா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எல்லாம் நம்முடையதுதான். பள்ளிக்கூடம், மின்சாரம், பென்சில் பெட்டி. கடைசியில், "அந்த டீக்காசு போறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி வெளிநாட்டுல ஒரு ஷூ வாங்கியிருக்கு, அதுவும் உங்களோடதுதானா மேடம்?" என்று கேட்டாள்.

நான் குனிந்து என் காலைப் பார்த்தேன்.

நீங்கள் அதைக் கப்பலில் வாங்கும் சம்பளத்தின் கார்டில் வாங்கினீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். கிளம்புகிற அன்று இந்தக் கார்டை முன்னும் பின்னும் படம் எடுத்து வைத்துக்கொண்டீர்களே, அது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பெண் விளக்கினாள். பணம் நீங்கள் ஷூவைப் பார்த்த அந்தப் பெரிய இணையச் சந்தைக்குப் போகவே இல்லையாம். அங்கே பொருளைக் காட்டுவார்களாம். விலை கேட்டுச் செய்தி அனுப்பினால், இங்கே வேண்டாம், தனியாக ஒரு லிங்க் அனுப்புகிறேன், அதில் கட்டினால் பாதி விலை என்பார்களாம். பார்க்க அசல் பக்கம் மாதிரியே இருக்குமாம். அதில் தட்டியதெல்லாம் நேராக அவர்கள் கைக்குப் போய்விடுமாம். ஆனால் ஷூ வந்ததே என்றேன். "சந்தேகம் வரக்கூடாதுன்னு ஏதாவது மட்டமானதா ஒண்ணை அனுப்பி வைப்பாங்க மேடம்" என்றாள்.

"ஓடிபிகூடக் கேக்கல, நல்ல கடை" என்று நீங்கள் அன்றைக்குச் சொன்னீர்கள். அப்போது எனக்கும் உறைக்கவில்லை. விவரத்தை நாமே கொடுத்திருக்கிறோம், புகாரும் தாமதம், அதனால் பணம் திரும்பி வருவது கஷ்டம் என்று சொல்லிவிட்டு, "சாரி மேடம்" என்றாள். இத்தனை நாளில் இந்த விஷயத்துக்காக என்னிடம் வருத்தம் தெரிவித்த ஒரே ஆள் அவள்தான்.

வீட்டுக்கு வந்ததும், வங்கியில் என்ன சொன்னார்கள் என்று அத்தை கேட்டார். விசாரிக்கிறார்களாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். உங்கள் மானத்தைக் காப்பாற்றினேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவ்வளவு நல்லவள் இல்லை நான். உண்மையைச் சொன்னால், மாட்டிக்கொண்டதும் பழியைப் புருஷன் தலையில் கட்டுகிறாள் பார் என்பார்கள். இந்த வீட்டில் என் வாயிலிருந்து வரும் எதற்கும் இப்போது மதிப்பில்லை. அதற்கு மதிப்பில்லாமல் செய்தது அண்ணனோ அத்தையோ இல்லை. ஸ்பீக்கரில் கேட்ட அந்த ஒரு கேள்விதான்.

இன்று காலையில் பாப்பாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அவள் திரும்பாமலே, ரகசியம் பேசுகிற குரலில், "அம்மா, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எங்க ஒளிச்சு வச்சிருக்க?" என்று கேட்டாள். பாதி காற்றும் பாதி பேச்சுமாக. ஒரு பக்கம் பின்னியும் ஒரு பக்கம் பின்னாமலும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் எடுக்கவில்லை என்று சொன்னேன். சரி என்று தலையாட்டினாள். அவளும் கோபப்படவில்லை, உங்களைப் போலவே.

மாடி வீட்டை வேறு யாருக்கோ விட்டுவிட்டார்கள். வேலைக்குப் போகிற வழிதானே, தினமும் கண்ணில் படுகிறது. அந்த ஜன்னலில் இப்போது வேறொரு குழந்தையின் துணி காய்கிறது.

பெண்டாட்டிக்குக் கால் வலிக்குமே என்று நினைத்த மனுஷனை என்னவென்று திட்டுவது? ஏமாந்துவிட்டீர்கள். தினமும் கார்டு தேய்க்கிற நானே அந்த லிங்க்கைப் பார்த்திருந்தால் ஏமாந்திருப்பேனோ என்னவோ. அதற்காக எனக்குக் கோபம் இல்லை. ஏமாந்தவர் நீங்கள், திருடி நான் என்று ஆகிவிட்டதே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. வீடு போனால் இன்னும் நாலு பயணம் போய் வேறு வீடு பார்க்கலாம். பாப்பா கேட்டதை எந்தக் கப்பலில் போய் எடுத்துக்கொண்டு வருவீர்கள்?

கரை வந்ததும் எனக்குப் போன் போட வேண்டாம். மன்னிப்பும் கேட்க வேண்டாம். அண்ணனுக்கே போடுங்கள். ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள். அம்மா இருக்கிறாளா, அண்ணி இருக்கிறாளா, பாப்பா பக்கத்தில் இருக்கிறாளா என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஷூவை எப்படி வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள். அது போதும்.

கடல் உங்களுக்கு அமைதியாக இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடுங்கள், ஈரத்தில் தூங்காதீர்கள். ஒரு குறையும் இல்லாமல் வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா

பி.கு.: கொஞ்சம் இறுக்கம் என்று எழுதியிருந்தேன். கொஞ்சம் இல்லை, விரலை மடக்கிக்கொண்டுதான் போட்டு நின்றேன். இப்போது கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். என் கால் அளவு எட்டு.