நீல விளக்கை அணைத்தவன்

என் அருமை மாப்ள முருகேசு,

தாராவியில் மழை விட்டுவிட்டது. உன் பட்டறையில் மிஷின் ஓடுகிறது, உன் வீட்டுக்காரி செல்விதான் ஓட்டுகிறாள். உன் அக்காள் முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தால் மற்றதும் வாயில் வந்துவிடும் என்று பார்க்கிறேன். வரமாட்டேன் என்கிறது. உன் கடல்மீன் தொட்டியைப் பற்றித்தான்.

குர்லாவிலிருந்து நாம் அதில் வைக்க ஒன்றைக் கொண்டுவந்தது ஞாபகம் இருக்கா? பிளாஸ்டிக் பையில் உப்புத் தண்ணீர், அதற்குள் பழுப்பாக ஒரு குடை. ரயிலில் ஒரு அம்மா, "பையா, மஷ்ரூம் கைசா தியா?" என்று காளான் விலை கேட்டாள். நீ முகத்தை மாற்றாமல் ஒரு விலை சொன்னாய். அவள் உன்னைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். சயான் ஸ்டேஷன் வரும்வரை சிரித்தோம். அது காளான் இல்லை, மெத்தென்ற பவளம், உயிருள்ளது, பேரே லெதர் கோரல் என்றாய். நான் நம்பவில்லை. "தோல் வெட்டுறவன் வீட்டுக்கு வேற என்னத்தான் வரும் அத்தான்?" என்றாய்.

எங்கேயோ போய்விட்டேன். விஷயத்துக்கு வருகிறேன்.

நீ போன பிறகு பட்டறையைப் பூட்டி வைத்தோம். செல்வி மேலே மாடியறையை விட்டு இறங்கவில்லை. சாவி என்னிடம். காரியத்துக்கு வந்த உன் பெரியப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். தொட்டியில் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"எழவு வீட்டுல என்ன மருமவனே, சினிமாக் கொட்டகை மாதிரி லைட்டு?"

அணைத்துவிட்டேன். காரியம் முடிகிறவரை போடவே இல்லை. தண்ணீர் ஓடுகிற மோட்டாரை மட்டும் விட்டுவைத்தேன், மீனுக்குத் தீனி போட்டேன். பெரிய மரியாதை செய்ததாக நினைப்பு. அது வெளிச்சத்தைத் தின்று வாழ்கிற பிராணி என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய். கேட்டுக்கொண்டே டீ குடித்தவன்தானே நான்?

பட்டறை திறந்த அன்றைக்கு விளக்கைப் போட்டேன். குடை சுருங்கிக் கிடந்தது. மேலே மெழுகு பூசினதுபோல ஒரு ஆடை. விரல்விரலாக ஆடுமே, அதில் ஒன்றுகூட வெளியே இல்லை. செல்வி முதன்முதலாக இறங்கி வந்தவள், தண்ணீருக்குள் கையை விட்டு அதைத் தடவிக் கொடுத்தாள்.

அப்புறம் நாளுக்கு நாள் ஓரம் கறுத்தது. குர்லா கடைக்கார பாய்க்கு வீடியோ கால் போட்டேன். உப்பு கேட்டார், சூடு கேட்டார், எல்லாம் சரி. "லைட் ரோஜ் கித்னா கண்டா?" என்றார், தினமும் எத்தனை மணி நேரம் விளக்கு என்று. அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது மாப்ள. செல்வி பக்கத்தில் நிற்கிறாள். "ஆட் கண்டா" என்று சொல்லிவிட்டேன். எட்டு மணி நேரமாம். பொய் எவ்வளவு சுளுவாக வருகிறது.

பாய் யோசித்துவிட்டு, "கிஸீனே ஹாத் டாலா க்யா?" என்றார். யாராவது கை விட்டார்களா என்று. செல்வி தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

உன் அக்காள் சும்மா இருப்பாளா? "தாலி இறக்குன கை பட்டா எது நிக்கும்?" என்றாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். நான் அங்கேதான் நின்றேன். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

அதற்குப் பிறகு செல்வி தொட்டிப் பக்கம் போகவில்லை. பட்டறை ஆட்களுக்கு டீ கொடுக்கும்போது டம்ளரைக் கையில் தராமல் தரையில் வைக்க ஆரம்பித்தாள். எனக்கும் அப்படித்தான் வைத்தாள். என்னால் அதை எடுத்துக் குடிக்க முடியவில்லை.

"தங்கச்சி, லைட்ட அணைச்சு வச்சது நான்தான். பாய்கிட்டச் சொன்னது பொய்யி" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "அப்போ என் கை இல்லையாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் எதிரிலேயே பாய்க்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். இருட்டில் கிடந்ததைத் திடீரென்று முழு வெளிச்சத்தில் நிறுத்தியதும் தப்பு என்றார். விளக்கைக் குறைத்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு, அந்த ஆடை கழன்று போகிற மாதிரித் தண்ணீர் ஓட்டத்தைத் திருப்பு, அழுகின ஓரத்தை நல்ல சதை வரைக்கும் வெட்டி எறி, ஆனால் தொட்டிக்குள் வைத்து வெட்டாதே என்றார்.

தொட்டித் தண்ணீரையே வாளியில் பிடித்து அதில் வைத்தோம். புது பிளேடு எடுத்தேன். ஆயுசெல்லாம் தோல் வெட்டினவன், எங்கே வெட்டுவது என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "குடுங்கண்ணே" என்று செல்வி வாங்கிக்கொண்டாள். கிளவுஸ் மாட்டி, ஒரே இழுப்பு. நீ வெட்டுகிற மாதிரியே இருந்தது.

இப்போது ஆடை கழன்றுவிட்டது. வெட்டின பக்கம் ஆறிவருகிறது. மறுபக்கம் சின்னச் சின்ன விரல்கள் வெளியே வந்திருக்கின்றன. பிழைக்கும் என்கிறார் பாய். டம்ளர் என் கைக்கு வந்துவிட்டது. மற்றவர்களுக்கு இன்னும் தரையில்தான்.

ஏனென்றால் செல்வியிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். உன் அக்காளிடம் சொல்லவில்லை. வீட்டில் அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளுகிறேன். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

உன் வருசத் திதிக்குப் பெரியப்பா வருவார், எல்லாரும் வருவார்கள். அன்றைக்கு அந்த நீல விளக்கு எரியும். யாராவது கேட்டால், கேட்காவிட்டாலும், அதன் பக்கத்தில் நின்று சொல்வேன்: அணைத்தது நான், பிழைக்க வைத்தது செல்வியின் கை. இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

அதுவரை உன் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் இருக்கிற,
உன் அத்தான் சுடலைமுத்து