பதினான்காம் வார்டின் அறுபது சீட்டுகளைத் திறந்து எண்ணக் கோரும் மனு

அனுப்புநர்:
களப்பணியாளர், அடையாள அட்டை எண் 417 (பணியிலிருந்து நீக்கப்பட்டவர்),
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்தெரு, மாடி வீடு.

பெறுநர்:
கருத்துக்கணிப்பு நிறுவனங்களின் கண்காணிப்பு அலுவலர் அவர்கள்,
தேர்தல் துறை, மூன்றாம் தளம்.

பொருள்: தேசியத் தேர்தல் குறித்த கருத்துக்கணிப்பு பொய்த்துப் போனதற்கான பழியை என் தலையில் போட்ட நிறுவன இயக்குநர் மீது நடவடிக்கை எடுக்கக் கோருதல், தொடர்பாக.

பார்வை: "சாட்சிகளின் பெயரும் முகவரியும் இணைக்கப்படவில்லை" என்று என் முதல் மனுவைத் திருப்பி அனுப்பிய தங்கள் அலுவலகக் குறிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

முதல் மனுவைத் தாங்கள் படித்திருக்க வாய்ப்பில்லை என்று முன்னறை எழுத்தரே சொன்னார். ஆகவே முதலிலிருந்து எழுதுகிறேன். சற்று நீளும். பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. நான் பதினோரு ஆண்டுகளாக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுதும் வேலை செய்பவள். தடுப்பூசி, குடிநீர், பேருந்து வசதி, பற்பசை என எதைக் கேட்கச் சொன்னாலும் கேட்டிருக்கிறேன். பரீட்சை அட்டையும் பேனாவும் செருப்பும்தான் என் முதலீடு. ஆள் முகம் பார்த்துக் கதவு திறந்தால்தான் எனக்குப் பிழைப்பு.

2. கடந்த தேசியத் தேர்தலுக்கு முன் மேற்படி நிறுவனம் எங்கள் நகரின் பதினான்கு வார்டுகளுக்குப் பதினான்கு பேரை எடுத்தது. இயக்குநரே வந்து பயிற்சி அளித்தார். "நாற்பத்திரண்டு பாயிண்ட் ஆறு" என்பதுபோலவே எப்போதும் பேசுவதால் அவரைப் பணியாளர்கள் பாயிண்ட் சார் என்பார்கள். மனுவில் பட்டப்பெயர் எழுதுவது முறையல்ல என்று தெரியும். இருந்தும் எழுதிவிட்டேன்.

3. அவர் கற்பித்த விதிகள் இவை. தெரு முனையிலிருந்து எண்ணி ஒவ்வொரு ஐந்தாவது வீட்டுக்கும் போக வேண்டும். பூட்டியிருந்தால் வேறு நேரங்களில் மூன்று முறை திரும்பிப் போக வேண்டும். கதவைத் திறந்தவரிடம் கேட்கக் கூடாது. அந்த வீட்டு வாக்காளர்களில் அடுத்த பிறந்தநாள் யாருக்கோ அவரிடம்தான் கேட்க வேண்டும். பக்கத்தில் வேறு யாரும் நிற்கக் கூடாது. யாருக்கு வாக்கு என்பதை வாயால் சொல்ல வேண்டியதில்லை. சீட்டில் குறியிட்டு, மடித்து, துணிப்பைக்குள் போட்டுவிடலாம். சீட்டில் பெயரும் இருக்காது, எண்ணும் இருக்காது. பிற்பாடு சரிபார்க்க வீட்டுத் தொலைபேசி எண்ணை மட்டும் தனித்தாளில் வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லாமே நல்ல விதிகள். அவர் வாயிலிருந்து வந்தவை என்பதற்காக அவற்றை நான் குறை சொல்ல மாட்டேன்.

4. என் வார்டில் பாதிப் பேர் ஆலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள். மீதிப் பாதி பெரிய வீட்டுக்காரர்கள். அழைப்பு மணி அடித்தால் நாய் வந்து பார்த்துவிட்டுப் போகும், ஆள் வர நேரமாகும். பூட்டிய வீடுகளுக்குக் காலை ஏழு மணிக்கும் மாலை ஆறரைக்கும் திரும்பிப் போனேன். அறுபது வீடுகளுக்கு நான்கு நாட்கள் ஆயின. மற்ற பதின்மூன்று பேரும் ஒரே நாளில் முடித்திருந்தார்கள். மேற்பார்வையாளர் என்னைப் பார்த்து, "நாலு நாளா என்னம்மா பண்ணின, வீடு கட்டினியா?" என்றார். பூட்டிய வீடுகளைச் சொன்னேன். "பூட்டியிருந்தா பக்கத்து வீடு. கதவு கதவுதானே!" என்றார். அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

5. கதவும் கதவும் ஒன்றல்ல, ஐயா. பகல் பதினொரு மணிக்குத் திறந்திருக்கும் வீட்டில் ஒரு விதமான மனிதர்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் பூட்டிக்கிடக்கும் வீட்டுக்காரர்கள் வேறு விதம். அவர்கள் வாக்குப்பதிவு நாளன்று மட்டும் பூட்டைத் திறந்துகொண்டு வந்து வரிசையில் நிற்கிறார்கள். அந்தப் பூட்டுகளைத் தாண்டிப் போனவர்களின் தாள்களை வைத்துத்தான் ஆளுங்கட்சி மாபெரும் வெற்றி பெறும் என்று பாயிண்ட் வைத்துச் சொன்னார்கள். ஆளுங்கட்சி மண்ணைக் கவ்வியது தாங்கள் அறிந்ததே.

6. அலுவலகத்தில் கொட்டி எண்ணியபோது, என் பையில் இருந்த அறுபது சீட்டுகளில் முப்பத்தேழு எதிரணிக்கு. அதாவது நூற்றுக்கு அறுபத்திரண்டு. "உன் கட்டு மத்தவங்களோட ஒத்துப்போகல" என்று மேற்பார்வையாளர் அதைத் தனியே தூக்கி அலமாரியின் மேல் போட்டார். வெளியிட்ட அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், "ஒரு வார்டு நீக்கப்பட்டது" என்று இருக்கிறது. அந்த ஒரு வார்டு நான்தான். தேர்தல் முடிந்து வெளியான வாக்குச்சாவடிக் கணக்கில் என் வார்டில் எதிரணி பெற்றது நூற்றுக்கு அறுபத்தொன்று. அறுபது சீட்டை வைத்து நாட்டையே சொல்ல முடியாது, இதில் என் அதிர்ஷ்டமும் கொஞ்சம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதுவும் அதே இயக்குநர் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததுதான்.

7. முடிவு வெளியான மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு இயக்குநர் தொலைக்காட்சியில் தோன்றினார். கணிப்பு ஏன் பொய்த்தது என்று கேட்டார்கள். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "எங்க முறையில தப்பே இல்லைங்க. களத்துக்குப் போனவங்க ஏமாத்திட்டாங்க. பதினாலாம் வார்டுல ஒரு பொண்ணு ஒரு வீட்டுக்கும் போகல. டீக்கடையில உக்காந்து எல்லாத்தையும் நிரப்பியிருக்கு." கூடவே என் அடையாள அட்டையின் புகைப்படத்தையும் காட்டினார்கள். என் கட்டைத்தான் சேர்க்கவே இல்லையே! குழம்பில் போடாத உப்பு எப்படிக் கரித்தது என்று அவரிடம் கேட்க அந்த இடத்தில் ஒரு ஆள் இல்லை.

8. அன்றிலிருந்து என் தெருவில் எனக்கு டீக்கடை என்று பெயர். தடுப்பூசிக் கணக்கெடுப்புக்குப் போனபோது, பல ஆண்டுகளாக என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கும் ஓர் அம்மாள், "எதுக்கு வெயில்ல அலையறே, டீக்கடையிலேயே எழுதிக்க வேண்டியதுதானே?" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். மறு வாரம் சுகாதார அலுவலகத்தில், "கொஞ்ச நாள் வராம இரும்மா" என்றார்கள். என் வீட்டுக்காரர், "விட்டுத் தொலை, நாலு நாள்ல மறந்துடுவாங்க" என்கிறார். ஊர் மறக்கட்டும், ஐயா. நான் மறக்கப் போவதில்லை. வயிறு எரிகிறது.

9. நிறுவனத்தின் பணிநீக்கக் கடிதம், சரிபார்ப்புக்காகப் பத்து வீடுகளுக்குத் தொலைபேசி செய்ததாகவும், ஏழு வீட்டார் "இங்கே யாரும் வரவில்லை" என்றதாகவும் கூறுகிறது. ஏழு எண்களின் கடைசி நான்கு இலக்கங்களும் கடிதத்தில் உள்ளன. அவற்றை என் பட்டியலோடு ஒப்பிட்டேன். ஒன்று என் தவறு. 1 என்ற இலக்கத்தை 7 ஆக எழுதியதில் அழைப்பு வேறு யாருக்கோ போயிருக்கிறது. ஐந்து வீடுகளில் எனக்குப் பதில் சொன்னது மனைவியோ மருமகளோ. தொலைபேசியை எடுத்ததோ கணவன்மார். அவர்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் நான் வந்தது அவர்களுக்குத் தெரியாது, பெண்கள் சொல்லவும் இல்லை. ஏழாவது எண்ணைப் பற்றிப் பத்தி 11இல் எழுதுகிறேன்.

10. தங்கள் அலுவலகம் கேட்ட பெயர்ப் பட்டியலுக்காக அந்த ஐவரில் இருவரைப் போய்ப் பார்த்தேன். தையல் வேலை செய்யும் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க வந்தது சத்தியம். ஆனா நான் பதில் சொன்னேன்னு தெரிஞ்சா, யாருக்குன்னு அவர் கேப்பார். எனக்குப் பொய் சொல்ல வராது, நிஜத்தைச் சொன்னா வீடு ரெண்டாகும்" என்றார். மற்றவர் கதவைப் பாதி திறந்து, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சாத்தினார். சொல்வது வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்துத்தான் அவர்களிடம் சீட்டை நீட்டினேன். ஆகவே பட்டியலைத் தர மாட்டேன். இதற்காக மனுவை இரண்டாம் முறையும் திருப்பி அனுப்பினால் மூன்றாம் முறையும் எழுதுவேன். திரும்பத் திரும்பப் போவது எனக்குப் பழக்கமான வேலை.

11. ஏழாவது எண் 2290 என்று முடிகிறது. அது பெரிய வீட்டுத் தெருவில் ஒரு வீட்டின் தரைவழித் தொலைபேசி. மூன்றாம் முறை போனபோது எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாள் கதவைத் திறந்தார். அடுத்த பிறந்தநாளும் அவருக்கே. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சீட்டை மடிக்கச் சொன்னேன். "எனக்கென்னடி ரகசியம்?" என்று என் கண் முன்னாலேயே உரக்கப் படித்துக் குறியிட்டார். அந்த வீடு யாருடையது என்று அன்று எனக்குத் தெரியாது. தொலைக்காட்சியில் என் புகைப்படம் வந்த மூன்றாம் நாள் அவர் ஆட்டோ பிடித்து என்னைத் தேடி வந்து, மாடிப்படியில் மூச்சு வாங்கியபடி நின்றார். "நான் பதில் சொன்னவதான்மா. டிவியில உன்னைச் சொன்னானே பாவி, அவன் என் பையன்" என்றார்.

12. சரிபார்ப்பு அழைப்பு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை என்றும், எடுத்தவர் இயக்குநரே என்றும், "இங்க யாரும் வரல, போனை வைம்மா" என்று அவர் எரிந்து விழுந்தபோது தாம் பக்கத்தில்தான் நின்றதாகவும் அந்த அம்மாள் எழுதிக் கையெழுத்திட்டுள்ளார் (இணைப்பு 1). அழைத்த பெண்ணுக்கு அது யார் எண் என்று தெரியாது. எடுத்தவருக்கும் எந்த நிறுவனம் என்று கேட்கப் பொறுமையில்லை. என்மேல் குற்றம் சாட்ட அவர் காட்டும் ஏழு வாய்களில் ஒன்று அவருடைய சொந்த வாய். அந்த அழைப்புகள் எல்லாம் ஒலிப்பதிவு செய்யப்படுகின்றன. ஏன் எனக்காக வந்தீர்கள் என்று அந்த அம்மாளைக் கேட்டேன். "ஊரு உலகம் யாருக்குப் போடும்னு டிவியில சொல்றான். ஒரே வீட்டுல இருக்கேன், நீ யாருக்கும்மா போடுவேன்னு ஒரு நாள் கேட்டதில்ல" என்றார். நான் வந்ததை யாரிடமும் சொல்லிக்கொள்ள அனுமதி தந்தார். தாம் குறியிட்டது யாருக்கு என்பதை மட்டும் மகனிடம் சொல்லக் கூடாது என்றார். "மண்டைய உடைச்சுக்கட்டும்" என்பது அவர் வார்த்தை.

13. ஆகவே நான் கோருபவை:

(அ) 2290 எண்ணின் ஒலிப்பதிவைத் தாங்கள் கைப்பற்றி, இயக்குநரை எதிரில் உட்காரவைத்துப் போட்டுக் கேட்க வேண்டும். நானும் அந்த அறையில் இருக்க வேண்டும். அவர் முகத்தை நான் பார்க்க வேண்டும்.

(ஆ) அலமாரியின் மேல் கிடக்கும் என் பையைத் திறந்து, அறுபது சீட்டுகளையும் சாட்சிகள் முன்னிலையில் எண்ணி, வாக்குச்சாவடிக் கணக்கின் பக்கத்தில் எழுதி ஒட்ட வேண்டும்.

(இ) அதே தொலைக்காட்சியில், அதே மூன்று மணிக்கு, "நான் பொய் சொன்னேன்" என்று அவர் சொல்ல வேண்டும். "தவறு நேர்ந்துவிட்டது" என்பது போதாது. என் புகைப்படத்தைக் காட்டிய அதே அளவில் அவர் புகைப்படத்தையும் காட்ட வேண்டும்.

(ஈ) கத்திரி வெயிலில் பரீட்சை அட்டையோடு அவர் அறுபது வீடு ஏறி இறங்க வேண்டும். சரிபார்ப்பு அழைப்புகளை நான் செய்து தருகிறேன், இலவசமாக.

14. வேலையைத் திரும்பக் கேட்கவில்லை, இழப்பீடும் கேட்கவில்லை. இதை நியாயம், பொதுநலன் என்றெல்லாம் எழுதித் தங்களை ஏமாற்ற விரும்பவில்லை. (ஈ) கோரிக்கையை எழுத எழுத மனம் குளிர்ந்தது உண்மை. கருத்துக்கணிப்புகளைத் தடைசெய்யச் சிலர் தங்களுக்கு மனு அனுப்புவதாகக் கேள்விப்படுகிறேன். அவற்றோடு என்னுடையதைச் சேர்த்துக் கட்டிவிட வேண்டாம். பூட்டிய வீட்டுக்குத் திரும்பிப் போனால் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே வரும். போகாதவர்களை மட்டும் தடைசெய்யுங்கள்.

15. இறுதியாக ஒன்றைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். தாயார் தம் கடிதத்தின் நகலை மகனின் மேசை மேல் வைத்துவிட்டார் போலும். நேற்று நண்பகல் இயக்குநர் என் வீட்டுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்க வந்ததாகத் தங்களிடம் அவர் சொல்லக்கூடும். கேட்கவில்லை. படியில் நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கம்மா யாருக்குப் போட்டாங்க? அது மட்டும் சொல்லு" என்றார். மூன்று நாட்களாக அந்த அம்மாள் அவரோடு பேசவில்லையாம். அவர் கண்கள் சிவந்திருந்தன. ஒரு கணம் எனக்கே பாவமாக இருந்தது. "எனக்கெப்படி சார் தெரியும்? நான்தான் ஒரு வீட்டுக்கும் போகலையே" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

அவர் இன்றும் வரக்கூடும். அதற்கு முன் மேற்கண்ட நான்கிலும் தாங்கள் நடவடிக்கை எடுக்க வேண்டுமாய்ப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மாடி வீடு, முன்னறை
நாள்: தேர்தல் முடிவு வெளியான இருபத்தேழாம் நாள், காலை

இங்ஙனம்,
(கையொப்பம்)
களப்பணியாளர், பதினான்காம் வார்டு

இணைப்புகள்:
1. 2290 எண் வீட்டு அம்மாளின் கையெழுத்துக் கடிதம்.
2. நிறுவன அறிக்கையின் கடைசிப் பக்கம், பொடி எழுத்தின் கீழ் கோடிட்டது.
3. வாக்குச்சாவடி முடிவுகளின் நகல்.
4. சாட்சிகளின் பெயர்ப் பட்டியல்: இணைக்கப்படவில்லை, இணைக்கப்படவும் மாட்டாது.