வீட்டில் யார் இருக்கிறார்கள்?

அன்புள்ள ஜோஸ்லினுக்கு,

ஆண்டவர் கிருபையால் சுகம். உன் முட்டிவலி குறைந்ததா? மலையில் சிக்னல் இல்லாததால் எழுதுகிறேன்.

பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த காலத்தில் எனக்கு இப்படி நடந்ததே இல்லை. இங்கே நம் மெதடிஸ்ட் சபையில் ஊழியம் செய்யப்போகும் உபதேசியார்களுக்கான பயிற்சி வகுப்பில், நோயாளிகளைச் சந்தித்து ஜெபிப்பது பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரெனத் தலைசுற்றி பெஞ்சில் சாய்ந்துவிட்டேன். நோயாளியாக நடித்துக் காட்டுவதாக எல்லோரும் நினைத்துவிட்டார்கள்.

"ஐயா சூப்பரா நடிக்கிறாரு!" என்று மாணவன் பெல்வின் சிரித்தான்.

மாணவி செல்லி என் கையைப் பிடித்து, நான் கற்றுக்கொடுத்தபடியே விசாரித்தாள். "வூட்ல உங்களப் பாத்துக்க யாருங்க இருக்காங்க?"

மனைவி ஊரில் இருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள், "ஐயோ, கை கொதிக்குதே!" என்று பதறிவிட்டாள். லேசான காய்ச்சல்தான், பயப்படாதே. கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள், சரியாகிவிட்டது.

குளிர் அதிகம், ஒரு கம்பளி வேண்டும். கடிதத்தைக் கொடுத்தனுப்ப ஒடுகத்தூர் பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன். கம்பளியைப் பார்சலில் போடாதே ஜோஸ்லின், நீயே கொண்டு வா.

உன்
சைலஸ்